மத்தக் காதுல வச்சுப் பாருங்க

கார் ஸ்பீக்கரில் இரைச்சல் வந்தால் எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை பிசகாமல் சொல்வேன். போன ஆனியில் ஒரு சனிக்கிழமை தொடங்கி வியாழக்கிழமை வரை, ஆறு நாள், அந்த வரிசைப்படி ஒன்றையும் விடாமல் செய்தேன். அந்த ஆறு நாளும் என் மனைவியின் இடது காது போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. கோளாறு காரில் என்று நான் சொன்னேன். சொன்னது நான் என்பதால் அவளும் நம்பிவிட்டாள்.

நான் தொலைபேசித் துறையில் முப்பத்து நாலு வருடம் இருந்தவன். தேனி, போடி, கம்பம் என்று இந்தப் பள்ளத்தாக்குக்குள்ளேயே மாறி மாறி வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பெரும்பாலும் பழுது நீக்கும் பிரிவு. ‘லைன்ல ஒரே இரைச்சல்’ என்ற புகாரை நான் கேட்டது போல வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். போடி ஏலக்காய் வியாபாரிகள் விலை கேட்கிற நேரமாகப் பார்த்து லைன் இரையும். அந்த இரைச்சலை நான்தான் வீட்டிலிருந்து சாக்கில் கட்டிக் கொண்டுவந்து அவர்கள் கம்பியில் கொட்டிவிட்டேன் என்பது போலப் பேசுவார்கள். நாங்கள் பதற மாட்டோம். எங்களிடம் நடைமுறை இருந்தது. புகார் சொல்பவரிடம் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

“ரிசீவரை மத்தக் காதுல வச்சுப் பாருங்க. இப்பவும் இரையுதா?”

பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். அதற்கு அப்புறம்தான் ஆளை அனுப்புவது, டெலிபோன் கம்பத்தில் ஏறுவது, பெட்டியைத் திறப்பது எல்லாம். எப்போதாவது ஒருவர் கொஞ்சம் தயங்கி, இந்தக் காதில் இல்லையே என்பார். அவரிடம் ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, பதிவேட்டில் ‘சந்தாதாரர் பக்கப் பழுது’ என்று எழுதிப் புகாரை மூடுவோம். இந்தக் கேள்வியைக் கேட்காமல் லைன்மேனை வெயிலில் அனுப்பிவிட்ட புதிய ஊழியர்களை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து நான் விசாரித்திருக்கிறேன். அதையும் இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

சனிக்கிழமைகளில் என் மனைவியைக் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போவது வழக்கம். அவள் உள்ளே போய் எள் விளக்கு ஏற்றிவிட்டு வருவாள். நான் வெளியே காரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். சனீஸ்வரரோடு எனக்கு விரோதம் எதுவும் கிடையாது. ஏழரை வருடம் ஒரே மேலதிகாரியிடம் வேலை பார்த்தவனுக்கு அதற்கு மேல் அவர் என்ன செய்துவிடப்போகிறார் என்ற எண்ணம்தான். அன்றைக்கும் அப்படியே முடிந்து, சின்னமனூர் வழியாகத் தேனி வீட்டுக்குத் திரும்பும்போது வீரபாண்டியைத் தாண்டிக்கொண்டிருந்தோம். காற்றுக் காலம். தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன.

“என்னங்க, உங்க செட்டு இரையுதே” என்றாள்.

காரில் இருக்கிற பாட்டுப் பெட்டியை எங்கள் பக்கத்தில் செட் என்போம். சத்தத்தைக் குறைத்தேன். இப்போது எப்படி என்று கேட்டேன். அப்படியேதான் இருக்கிறது என்று சொல்லித் தன் பக்கத்துக் கதவைக் காட்டினாள். அவள் முழங்காலுக்குப் பக்கத்தில், கதவுக்குள், இடது ஸ்பீக்கர் இருக்கிறது.

நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. வயது அறுபத்தெட்டு. வயதானால் முதலில் போவது மெல்லிய, உச்சமான ஒலிகள்தான் என்பது என் தொழிலில் இருந்த எல்லாருக்கும் தெரியும். போன தடவை மகள் வந்திருந்தபோது, டிவிக்குப் பின்னால் ஏதோ கீச்சென்று கத்திக்கொண்டே இருக்கிறது, உங்களுக்குக் கேட்கவே இல்லையா என்று கேட்டாள். அன்றிலிருந்தே மனதுக்குள் ஒரு முள். ஆகவே வீரபாண்டி ரோட்டில் எனக்குத் தோன்றியது இதுதான்: இரைச்சல் இருக்கிறது, என் காதுதான் இல்லை. வெட்கமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க இரைச்சலைத் தேடிப்பிடித்தவனுக்கு இரைச்சலே கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

“ஆமா, லேசா இரையுது” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் காபிகூடக் குடிக்காமல் ஆரம்பித்தேன். முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை ஒரு திருப்பு மட்டும் திருப்பி, செட்டைப் போட்டு, சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்துக் கேட்க வேண்டும். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்க ஒரு மெல்லிய ஊளைச் சத்தம் ஏறினால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரின் சத்தம் வயர் வழியாகச் செட்டுக்குள் வருகிறது என்று அர்த்தம். மிதித்தேன். ஊளை ஏறியது. எனக்கே கேட்டது. சந்தோஷத்தில் இன்னும் நாலு தடவை மிதித்தேன். சிகரெட் சாக்கெட்டில் செருகியிருந்த மலிவான போன் சார்ஜரைப் பிடுங்கியதும் ஊளை நின்றுவிட்டது. என் காதும் நன்றாக இருக்கிறது, நடைமுறையும் நன்றாக இருக்கிறது. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, குறைந்த மாதிரி இருக்கிறது என்றாள். நான் முகத்தை வைத்திருந்த விதத்தைப் பார்த்து அப்படிச் சொன்னாளாம். இது பின்னால் தெரிந்தது.

சாப்பிடும்போது, ஃபிரிட்ஜும் இரைகிற மாதிரி இருக்கிறது என்றாள். கம்ப்ரஸர் ஓடினால் அப்படித்தான் என்றேன். மிக்ஸி ஓடாதபோதும் அடுப்படியில் கேட்கிறது என்றாள். அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. ரொம்ப நேரம் ஒரு சத்தத்தைக் கேட்டால் அது காதில் தங்கிவிடும், தானாகப் போய்விடும். பொய்யில்லை, நான் படித்ததுதான்.

“நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி இன்னொரு தோசையை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடமலைக்குண்டில் அவள் அக்கா வீட்டுக்குப் போனோம். கண்டமனூரைத் தாண்டி மலைகள் நெருங்க நெருங்க எஃப்எம் கரகரத்தது. அந்தக் கரகரப்பு எனக்குக் கேட்டதால் அதைப் பற்றி நீண்ட நேரம் பேசினேன். அலை மலையில் தட்டித் திரும்புவது, ஏரியல் கழன்றிருந்தால் என்ன ஆகும், மழைக்காலத்தில் என்ன ஆகும். பிறகு எஃப்எம்மை நிறுத்திப் பென்டிரைவைச் செருகினேன். பென்டிரைவில் சிக்னல் பிரச்சினை வராது. இரைச்சல் இதிலும் இருந்தால் குற்றவாளி ஏரியல் இல்லை, இதில் இல்லாவிட்டால் ஏரியல்தான். எப்படிப் பார்த்தாலும் பாதி வேலை முடிந்துவிடும். இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்றாள். நானும் ஆமாம் என்றேன். அவள் கதவுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இந்தப் பாழாய்ப்போன காற்றுதான் காதில் அடிக்கிறதோ என்னவோ என்று சேலைத் தலைப்பை இடது பக்கம் இழுத்து மூடிக்கொண்டாள்.

அவள் அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கண்ணில் எதுவும் தப்பாது. சாப்பாடு பரிமாறிக்கொண்டே தங்கச்சியை உற்றுப் பார்த்தார்.

“ஏன்டி, கோழி பாக்குற மாதிரி ஒரு பக்கமாச் சாச்சுச் சாச்சுப் பாக்குற?”

காதில் ஏதோ இரைச்சல் என்று இவள் இழுத்தாள். நான் குறுக்கே புகுந்தேன். கார் செட்டில் ஒரு சின்னக் கோளாறு, நாளைக்குச் சரியாகிவிடும் என்றேன்.

“அவ காதுங்கிறா, நீங்க காருங்கிறீக. ஒரு எழுத்து மாறுதே தம்பி” என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். காற்றுப் பட்டிருக்கும், பூண்டைத் தட்டி நல்லெண்ணெயில் காய்ச்சி ரெண்டு சொட்டு விடலாம் என்று அவர் எழுந்தபோது, காதில் எதையும் ஊற்றக் கூடாது என்று தடுத்தேன். அந்த ஆறு நாளில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

திங்கள்கிழமை எர்த் இணைப்பு. இரைச்சல் புகார்களில் பாதிக்கு மேல் எர்த்தில் போய்த்தான் நிற்கும் என்பது என் அனுபவம். செட்டைக் கழற்றி வெளியே இழுத்து, கறுப்பு வயரைத் தேடி, அது பெயின்ட் மேல் முறுக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். உப்புக் காகிதத்தால் பெயின்ட்டைத் தேய்த்து, தகடு பளபளக்கும் வரை சுரண்டி, வயரைப் புதுசாக இறுக்கினேன். தலை டேஷ்போர்டுக்கு அடியிலும் கால் கார்க் கதவுக்கு வெளியிலுமாக நான் கிடந்ததைப் பார்த்துப் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று விசாரித்தார்கள். வேலை சுத்தமாக இருந்தது. அவளைக் கூப்பிட்டேன்.

அவள் வந்து உட்கார்ந்து கேட்டாள். முதலில் என் கையைப் பார்த்தாள். புறங்கையில் சிராய்ப்பு. பிறகுதான், இருக்கு என்றாள், ஏதோ அவள்தான் தப்பு செய்துவிட்ட மாதிரி.

அன்று சாயங்காலம் மகள் போன் செய்தாள். என் மனைவி வலது கையால் தோசை திருப்பிக்கொண்டே, போனை இடது தோளில் அணைத்துப் பேசுகிறவள். வருடக்கணக்காக அப்படித்தான். அன்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, போனை வலது காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்று பேசினாள். தோசை கருகியது. எனக்கு வாடை வந்தது. தோசையைப் பற்றித்தான் கேட்டேன்.

உண்மையில் அந்த நாட்களில் நான் பயந்துகொண்டிருந்தது என் காதுக்காக. அவளுக்கு இவ்வளவு துல்லியமாகக் கேட்கிற ஒன்று எனக்குக் கொஞ்சமும் கேட்கவில்லையே. யாருக்கும் தெரியாமல் சோதனை செய்துகொண்டிருந்தேன். பாத்ரூம் குழாயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். அவள் தாளிக்கும்போது கடுகு வெடிப்பது ஹாலில் கேட்கிறதா என்று பேப்பரைப் பிடித்தபடி கவனிப்பேன். கேட்டது. கேட்டும் நிம்மதி வரவில்லை. இரைச்சலைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டால், அது எனக்குக் கேட்டதா இல்லையா என்ற பேச்சே எழாது. அதனால்தான் அவ்வளவு வேகம்.

செவ்வாய்க்கிழமை ஸ்பீக்கர்களை இடம் மாற்றினேன். எந்தப் பழுதுக்கும் இது பொருந்தும்: சந்தேகப்படுகிற பொருளை இடம் மாற்றிப் பார். பழுதும் கூடவே போனால் பொருளில் கோளாறு. இருந்த இடத்திலேயே பழுது நின்றால் வழியில் கோளாறு. இரண்டு கதவின் அட்டைகளையும் பெயர்த்தேன். பிளாஸ்டிக் கிளிப்புகள் மூன்று உடைந்தன. இடது ஸ்பீக்கரை வலதிலும் வலதை இடதிலும் வைத்தேன். அவள் வந்து உட்கார்ந்தாள்.

இன்னும் இடது பக்கம்தான் என்றாள்.

அப்படியானால் ஸ்பீக்கர் குற்றமற்றது, வயர்தான் என்று முடிவு செய்தேன். எனக்கு அதில் திருப்திகூட இருந்தது. ஸ்பீக்கரை மாற்றிய மாதிரி ஆளை மாற்றி உட்கார வைத்திருக்கலாம். அவளை டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்லி, இப்போது எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால், அப்போதும் தன் இடது பக்கத்தைத்தான் காட்டியிருப்பாள், அன்றே விஷயம் முடிந்திருக்கும். எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருடத்தில் அவள் அந்தச் சீட்டில் உட்கார்ந்ததே கிடையாது. நான் மட்டும் அவள் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எதுவும் கேட்கவில்லை. என் காதைத் திட்டிக்கொண்டு இறங்கினேன்.

புதன்கிழமை புது வயர் வாங்கப் போனபோது அவளும் மார்க்கெட்டுக்கு என்று கூட வந்தாள். ரோட்டைக் கடக்கும்போது இடது பக்கத்திலிருந்து ஒரு பைக் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. இவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள். கையைப் பிடித்து இழுத்தேன். பைக் உரசிக்கொண்டு போனது. பிடித்த கையை விடாமலே கத்தினேன்.

“ஆரன் அடிக்கிறான்ல, காது கேக்காதா உனக்கு?”

“அந்தப் பக்கமிருந்தா வந்தான்?” என்று கேட்டாள்.

அன்று வயரைப் புதிதாக இழுத்தேன். பவர் வயரும் ஸ்பீக்கர் வயரும் ஒன்றாக ஓடினால் இரைச்சல் ஏறும் என்பதால் ஒன்றை இடது ஓரத்திலும் மற்றதை வலது ஓரத்திலும் கால்மிதிக்கு அடியில் கொண்டுபோனேன். பலன் இல்லை. செட்டை நிறுத்திவிட்டே ஓட்டுங்களேன், பாட்டுக் கேட்காமல் போனால் என்ன குறைந்துவிடப்போகிறது என்றாள். அவள் களைத்திருந்தாள். மாடிப்படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். செட்டை நிறுத்தச் சொன்னதை, தோல்வியை ஒப்புக்கொள்ளச் சொல்கிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கார் செட் மாட்டுகிற கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் டெஸ்டரும் காதோரம் பென்சிலுமாக இருப்பார். ஐந்து நாளில் நான் செய்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாத்தையும் நீங்களே பண்ணிட்டீக. எனக்கு என்ன சார் வேல மிச்சம் வச்சிருக்கீக?”

ஆனாலும் செய்தார். ஒவ்வொரு கதவாகக் காதை ஒட்டிவைத்துக் கேட்டார். செட்டைக் கழற்றி வேறு செட்டை மாட்டிக் கேட்டார். என் எர்த் வேலையைப் பார்த்து, நல்லா இருக்கு சார் என்றார். அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது. இவள் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் கேட்கிறபோதெல்லாம், இருக்கு, இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் குனிந்து, செட்டுக்குப் போகிற ஃபியூஸைப் பிடுங்கி எடுத்தார். செட்டில் விளக்கு அணைந்தது. இன்ஜினும் ஓடவில்லை. ஸ்பீக்கருக்கு ஒரு சொட்டு மின்சாரம் போக வழியில்லை.

“இப்ப எப்படிம்மா?”

“இரையுது” என்றாள்.

அவர் ஃபியூஸைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“சார், உங்களுக்குக் கேக்குதா?”

“இல்ல.”

“எனக்கும் கேக்கல சார்.”

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. பழுது பார்க்கிறவர்கள் அந்த இடத்தில் அதற்கு மேல் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன். எத்தனையோ பேரிடம் அந்தக் குரலில்தான் நான் பேசியிருக்கிறேன்.

அவளிடம் போனை எடுக்கச் சொன்னேன். நான் கூப்பிடுவேன், இடது காதில் வைத்துப் பேச வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, தெருக்கோடி டீக்கடை வரை நடந்தேன். பக்கத்தில் நின்று பேசினால் என் குரல் நேராகவே கேட்டுவிடும், சோதனை செல்லாது. அந்த நேரத்திலும் நடைமுறை. டீக்கடை வாசலில் நின்று நம்பரைப் போட்டேன். அங்கிருந்து கார் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் போனை எடுத்து இடது காதில் வைப்பதைப் பார்த்தேன்.

ஹலோ என்றேன். கேட்கிறதா என்றேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். கடைக்காரரிடம் போனைக் காட்டி ஏதோ கேட்டாள். போன் செத்துவிட்டதா என்று கேட்டாளாம். நான் கேக்குதா, கேக்குதா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு அவளாகவே போனை வலது காதுக்கு மாற்றினாள்.

“ஆங், இப்பக் கேக்குது. சொல்லுங்க” என்றாள்.

லைனைத் துண்டித்துவிட்டு நடந்தேன். தெருவின் நீளம் ஒரு பர்லாங்குகூட இருக்காது. அன்று அது தீரவே இல்லை.

அங்கிருந்து நேராகப் போய்ப் பார்த்த காது மூக்கு தொண்டை டாக்டர் நடுவயதுப் பெண்மணி. அதிகம் பேசாதவர். ஒரு சிறு அறைக்குள் அவளை உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். வலது காதுக்கு அவள் கை ஏறி ஏறி இறங்கியது. இடது காதுக்கு வந்ததும் கை மடியிலேயே கிடந்தது. சோதிக்கிற பெண் குமிழைத் திருகிக்கொண்டே போனார். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாளில் வலது காதின் கோடு மேலேயே ஓடியது. இடது காதின் கோடு தொடக்கத்திலிருந்தே அடியில்தான் கிடந்தது. கோட்டுப் படம் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். ஆறு என்றேன்.

“ஏன் உடனே வரல?”

“கார்ல ஒரு பழுது பாத்துக்கிட்டிருந்தேன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “கார் இல்லைன்னா ஆட்டோல வந்திருக்கலாமே. பஸ் இல்லையா?”

நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும். என் மனைவி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

திடீரென்று ஒரு காது இப்படி அடைவது சிலருக்கு வரும், காரணம் பெரும்பாலும் தெரியாது, இது வந்தால் சீக்கிரம் மருந்து ஆரம்பிக்க வேண்டும், முதல் சில நாட்கள் முக்கியம் என்று டாக்டர் சொன்னார். முழுதாகத் திரும்பலாம், பாதி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். ஆறாவது நாளில் வந்தது ரொம்பத் தாமதமா என்று கேட்டேன். இன்னும் முன்னாடியே வந்திருந்தால் நல்லது என்றார். நான் புகார்தாரர்களுக்குச் சொல்கிற மாதிரியே, எந்தப் பக்கமும் பிடிகொடுக்காமல் சொன்னார். சர்க்கரை பார்த்துவிட்டு ஸ்டீராய்டு மாத்திரைகளை எழுதினார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வீட்டில் நான் எப்போதும் அவளுக்கு வலது பக்கத்திலேயே நடந்தேன். மாத்திரையால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை, சர்க்கரை ஏறியது, முகம் உப்பியது. காலையில் அவள் கண் விழித்ததும் நான் இடது பக்கம் போய் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்ப்பேன். அவள் திரும்ப மாட்டாள். அப்புறம் வலது பக்கம் வந்து, காபி போடவா என்று கேட்பேன், அதுதான் முதல் தடவை கூப்பிடுகிற மாதிரி. நாலைந்து நாள் கழித்து அவளே, நீங்கள் வந்து நிற்பது நிழலில் தெரிகிறது, சும்மா கூப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஒரு நாள் அவளே அந்த ஆறு நாட்களைப் பற்றிப் பேச்செடுத்தாள். அத்தனை நாளும் உங்களுக்கும் கேட்டதா என்றாள். இல்லை என்றேன். என் காது போய்விட்டது என்று நினைத்துப் பொய் சொன்னேன் என்றேன்.

“நீங்களும் கேக்குதுன்னீக. அதான் நான் காருன்னே நெனச்சுட்டேன்” என்றாள்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரெண்டு வாரம் கழித்து எடுத்த இரண்டாவது படத்தில் இடது கோடு கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. கொஞ்சம்தான். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பழைய தாளின் மேல் வைத்துப் பார்த்தேன். ஏறியிருந்தது. இன்னும் ஏறுமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார் டாக்டர்.

அந்த வாரம் அவளே கேட்டாள், மலையடிவாரத்துல லோயர் கேம்ப் பக்கம் அணைத் தண்ணியக் கூட்டி விட்டிருக்காகளாம், போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று. கடைக்காரர் பிடுங்கிய ஃபியூஸை நான் திரும்ப மாட்டியிருக்கவில்லை. அது டேஷ்போர்டுப் பெட்டியில் கிடந்தது. உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று வழி முழுவதும் பாட்டு இல்லாமலே ஓட்டினேன். வயல்களில் நடவு முடிந்து பச்சை பிடித்திருந்தது. அவள் எதுவும் பேசவில்லை. பேசினால், எந்தக் காதில் கேட்டுப் பதில் சொல்கிறாள் என்று நான் கணக்குப் பார்ப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

மின்நிலையத்தைத் தாண்டி, கால்வாய் ஓரமாக ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினேன். மலையிலிருந்து குழாய்களில் இறங்கி, மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு வருகிற தண்ணீர் அங்கே நுரைத்துக்கொண்டு ஓடும். இறங்கியதும் சத்தம் முகத்தில் அடித்தது. அவள் கைப்பிடிச் சுவர் வரை போய், தண்ணீருக்கு இடது பக்கத்தைக் காட்டி நின்றாள். வேண்டுமென்றே அப்படி நின்றாளா என்று தெரியவில்லை.

“இரையுது” என்றாள்.

பக்கத்தில் போனேன். முப்பத்து நாலு வருடம் முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் கேட்ட கேள்வியைக் கொஞ்சம் மாற்றி அவளிடம் கேட்டேன்.

“வலது காதை மூடிக்கிட்டுக் கேட்டுப் பாரு.”

அவள் வலது காதில் விரலை வைத்து அழுத்திக்கொண்டாள். கண்ணை மூடினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குமுளிக்கு ஏறுகிற லாரி ஒன்று எங்களுக்குப் பின்னால் மெதுவாகப் போனது. அது போய் முடிகிற வரை காத்திருந்தாள்.

“உள்ள ஒண்ணு இரையிறது எப்பவும் இரையிறதுதான். இது வேற. தண்ணி கேக்குது. ஆனா இங்கன ஓடுற மாதிரி இல்ல, அங்கன, ரொம்பத் தள்ளி ஓடுற மாதிரி இருக்கு.”

எவ்வளவு தள்ளி என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“நீங்களும் மூடிப் பாருங்க.”

மூடிப் பார்த்தேன். முதலில் வலது, அப்புறம் இடது. இரண்டிலும் தண்ணீர் ஓடியது.

“கேக்குதா? உண்மையச் சொல்லுங்க. எனக்குக் கேக்குதுங்கிறதுக்காகச் சொல்லாதீக.”

“கேக்குது” என்றேன்.

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. விரலை வலது காதிலிருந்து எடுக்காமல், தண்ணீரைப் பார்த்தபடி இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருந்தாள்.